கூச்சி குடும்பத்து வாரிசும் நம் ஊர் ஜவுளிக்கடைப் பிள்ளைகளும்

பழையபேட்டைக்காரன் (கிருஷ்ணகிரி)

எங்கள் பக்கத்தில் இரண்டு தலைமுறையாக ஒரே போர்டில் நடந்த ஜவுளிக்கடை இந்த ஆடியில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நடுவில் பிளைவுட் அடித்து மறைத்திருக்கிறார்கள். அண்ணன் பக்கம் பட்டும் சேலையும், தம்பி பக்கம் ரெடிமேட். கடைப்பெயர் யாருக்கு என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. எந்தக் குடும்பம் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். அதைப் பேசுவதற்காக இதைத் தொடங்கவில்லை.

ரொம்ப நாளாக எழுத நினைத்தது மவுரிசியோ கூச்சியைப் பற்றி. கைப்பை, தோல் சாமான்களுக்குப் பேர்போன இத்தாலியின் கூச்சி கம்பெனிக் குடும்பத்து வாரிசு. மிலானில் 1995 மார்ச் 27 காலை அவர் சுடப்பட்டதும், விவாகரத்தான மனைவியே ஆள் வைத்துச் செய்தார் என்று தீர்ப்பானதும் எல்லோருக்கும் தெரியும். அதோடு விட்டுவிடுகிறோம். அதற்கு முன்னால் அவர் ஒரு வாரிசாக எப்படி வாழ்ந்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய கதை.

தாத்தா குச்சியோ கூச்சி இளம் வயதில் லண்டன் சவாய் ஹோட்டலில் வேலை பார்த்தவர். அங்கே வரும் பணக்காரர்களின் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, ஊர் திரும்பி 1921-ல் பிளாரன்ஸில் தோல் சாமான் கடை போட்டார். 1953-ல் அவர் இறந்ததும் தொழில் மகன்கள் ஆல்டோ, வாஸ்கோ, ரொடோல்போ கைக்குப் போனது. வாஸ்கோ 1974-ல் இறந்த பிறகு மற்ற இருவரும் சரிபாதி. ஆல்டோ தன் பாதியில் கொஞ்சம் எடுத்து மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 3.3 சதவீதம் கொடுத்தார். ரொடோல்போ ஒரே மகனுக்கு உயிரோடு இருக்கும் வரை எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பையனைச் செலவுப் பணம் கொடுத்தே வளர்த்தார். பெண் பிடிக்கவில்லை என்று கல்யாணத்தையும் எதிர்த்தார், சொத்து கிடையாது என்றார். பையன் நியூயார்க் போய்ப் பெரியப்பா ஆல்டோவிடம் தொழில் கற்றார்.

1983-ல் ரொடோல்போ இறந்தார். அதுவரை பெட்டி நிறையப் பணமுள்ள வீட்டில் அப்பாவின் கையைப் பார்த்து நின்ற ஆள், 34 வயதில் ஒரே நாளில் பாதிக் கம்பெனிக்குச் சொந்தக்காரர். அடுத்த வருடமே பெரியப்பா மகன் பாவ்லோவின் ஓட்டைச் சேர்த்துக்கொண்டு, தொழில் கற்றுக்கொடுத்த பெரியப்பாவையே நாற்காலியிலிருந்து இறக்கினார். பாவ்லோ யார் என்றால், சொந்த அப்பாவின் வரி ஏய்ப்பை அமெரிக்க அரசுக்குக் காட்டிக்கொடுத்தவர். 81 வயதில் ஆல்டோ ஒரு வருடமும் ஒரு நாளும் சிறைத்தண்டனை வாங்கினார். மவுரிசியோவும் தப்பவில்லை. அப்பாவின் பங்குப் பத்திரத்தில் கையெழுத்து போலி என்று உறவுக்காரர்களே புகார் சொல்ல, சுவிட்சர்லாந்துக்கு ஓடிப்போய் இருந்தார். கடைசியில் அந்த வழக்கிலிருந்து விடுதலையானார். இதற்கிடையில் இன்வெஸ்ட்கார்ப் என்ற முதலீட்டு நிறுவனம் மற்ற உறவினர்களின் பங்கையெல்லாம் வாங்கிவிட்டது. 1993-ல் மவுரிசியோவும் தன் பாதியை அவர்களிடமே விற்றார். அதோடு கூச்சியில் கூச்சி குடும்பத்துக்கு ஒரு பங்குகூட இல்லை.

இதில் தப்பு எங்கே தொடங்கியது என்பது என் கேள்வி. நான் ரொடோல்போவைத்தான் சொல்வேன். கொலை, வழக்கு எல்லாம் பின்னால் வந்தது. மகனை நம்பி ஒரு பொறுப்பையும் கொடுக்காமல், செத்த பிறகு மொத்தத்தையும் தலையில் கட்டிவிட்டுப் போனதுதான் முதல் தப்பு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மூட்டைவியாபாரி (பர்கூர்)

நல்ல விஷயம் எடுத்தீர்கள் அண்ணா. நான் எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன்.

பர்கூரைக் குட்டி சூரத் என்று சொல்வார்கள். சூரத்திலிருந்து பேல் பேலாகச் சரக்கு வந்து இறங்கும். இங்கிருந்து வாங்கி, வண்டியில் மூட்டை கட்டி, ஊர் ஊராகப் போய் வாசலில் விரித்து விற்பதுதான் எங்கள் ஆட்களின் தொழில். ஆந்திரா, கர்நாடகா வரைக்கும் போவோம். பாதி ரொக்கம், பாதி தவணை. இன்று பெரிய மொத்தக்கடை வைத்திருக்கும் பல பேருடைய அப்பாக்கள் அப்படி மூட்டை தூக்கியவர்கள்.

அந்தத் தலைமுறை பிள்ளைகளைப் பழக்கிய விதம் வேறு. பள்ளிக்கூடம் லீவு விட்டால் பையனை வண்டியில் ஏற்றிக்கொண்டு லைனுக்கு, அதாவது ஊர் சுற்றி விற்க, போவார்கள். ஒரு வீட்டில் அந்த அம்மா சேலையைத் தொட்டுப் பார்ப்பார், முந்தானையைப் பிரிக்கச் சொல்வார், விலை கேட்டுவிட்டு அப்படியே கீழே வைப்பார். வைத்த கை சேலை மேலேயே இருக்கிறதா, எடுத்துவிட்டாரா என்று பார் என்பார் எங்கள் அப்பா. கை இருந்தால் விலை பேசலாம். எடுத்துவிட்டால் மடித்து உள்ளே வை, அடுத்ததைப் பிரி. இதைக் கடையில் ஏசி போட்டு உட்கார்ந்து கற்க முடியாது. அடுத்த முறை தவணைக்குப் போகும்போது அதே அம்மா வீட்டில் கஷ்டம் என்பார். அதில் எது நிஜம், எது சாக்கு என்பதும் நாளாக நாளாகத்தான் புரியும்.

இப்போது கடைக்காரர்களின் பிள்ளைகள் லைனுக்குப் போவதில்லை. அப்பாக்களே அனுப்புவதில்லை. நாம் பட்ட கஷ்டம் பிள்ளை படக்கூடாது என்கிறார்கள். ஆனால் அந்தக் கஷ்டத்தோடு தொழிலும் சேர்ந்துதான் இருந்தது. நீங்கள் சொன்ன ரொடோல்போ மாதிரி ஆட்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பையன் கேட்டால் காரே வாங்கிக் கொடுப்பார்கள். கொள்முதலுக்கு மட்டும் அனுப்பமாட்டார்கள்.

சேலை_செக்‌ஷன் (தர்மபுரி)

நான் முதலாளி வீட்டுப் பிள்ளை இல்லை. சின்ன வயதிலிருந்து ஜவுளிக்கடைகளில் சேல்ஸ்மேன். சின்னசாமி நாயுடு தெருப் பக்கம் நிறையக் கடை பார்த்துவிட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து வாரிசுகளைப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிள்ளை கடைக்கு வந்த முதல் மாதத்திலேயே ஆள் எப்படி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்பா இல்லாத நேரத்தில் எங்கே உட்காருகிறார் என்று பார்ப்போம். கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் தேறாது. செக்‌ஷனுக்குள் வந்து நின்றால் நம்பிக்கை வரும்.

ஒரு கடையில் நடந்தது. பெரியவர் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். பையன் வந்ததும் வயசான ஆட்களை முதலில் கழித்தார். எங்களுக்குச் சம்பளம் அதிகம், கம்ப்யூட்டர் தெரியாது என்று காரணம். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்திலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்கள் கடைப்பெயரைச் சொல்லி வருவதில்லை. ‘அந்த அண்ணன் இருக்காரா’ என்று எங்களைக் கேட்டு வருவார்கள். அவர்கள் வீட்டில் மூத்த பெண்ணுக்கு என்ன நிறத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்தோம், சம்பந்தி வீட்டாருக்கு எந்த விலையில் வைத்துக் கொடுத்தோம் என்பதெல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆள் போனால் அந்தக் குடும்பமும் போய்விடும். நாங்கள் போன கடைகளுக்கே வந்தார்கள்.

அதனால் பழையபேட்டைக்காரன் அண்ணா சொல்வதில் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அப்பா பொறுப்பு கொடுக்காதது தப்புதான். பொறுப்பு வந்த அன்றைக்குப் பெரியப்பாவைத் தூக்கியது யார் தப்பு? அது மவுரிசியோ தப்பு. நியூயார்க் கடையைத் தூக்கி நிறுத்தியவர் அந்தப் பெரியப்பா.

தறியும்_டிசைனும் (ஓசூர்)

மவுரிசியோவுக்காக ஒருவராவது பேச வேண்டும். நான் கார்மென்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், பேஷன் படித்தவள்.

அவர் கைக்கு வந்தபோது கூச்சி பெயர் கெட்டுக்கிடந்தது. கேன்வாஸ் துணியில் முத்திரையை அச்சடித்து, விலை மலிவாகப் பை, சின்னச் சின்னச் சாமான் என்று எங்கு பார்த்தாலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1990 வாக்கில் மவுரிசியோ அதையெல்லாம் ஒரேயடியாக நிறுத்தினார். பழையபடி நல்ல தோல், நல்ல கைவேலை, குறைந்த கடைகள் என்பது அவர் எண்ணம். நியூயார்க்கில் பெரிய கடை ஒன்றின் தலைவராக இருந்த டான் மெல்லோ என்ற பெண்மணியை அழைத்து வந்தார். மெல்லோ 1990-ல் வேலைக்கு எடுத்த பையன்தான் டாம் போர்டு. பிற்பாடு கூச்சியைத் தூக்கி நிறுத்திய டிசைனர் அவர். ஆக, எங்கே போக வேண்டும் என்பது மவுரிசியோவுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

தெரியாதது கணக்கு. மலிவுச் சரக்கை நிறுத்தியதும் வருமானம் விழுந்தது. அதே நேரத்தில் மிலானில் பெரிய ஆபீஸ், சொந்த வாழ்க்கையில் 1927-ல் கட்டிய, மூன்று பாய்மரங்கள் கொண்ட கிரியோல் என்ற கப்பல். அதைப் புதுப்பிக்கவே கொட்டினார். நம் ஊர்க் கடையில் ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவில் கையில் ரொக்கம் எவ்வளவு வேண்டும் என்று எந்த முதலாளியும் தூக்கத்தில்கூடச் சொல்வார். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரசனையைப் பணக்கார வீட்டில் வளர்ந்தே பெறலாம். கணக்கு தெரிய வேண்டுமென்றால் மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டியவனாக ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

வீட்டுப்பெண் (தர்மபுரி)

எல்லோரும் ஒரு பெயரை விட்டுவிட்டீர்கள். குச்சியோவுக்கு கிரிமால்டா என்று ஒரு மகள் இருந்தார். அப்பாவின் கடையில் வேலை செய்தவர். கம்பெனிப் பங்கில் அவருக்கு ஒன்றும் எழுதவில்லை. பெண் என்பதுதான் காரணம். அந்தக் குடும்பத்தில் முதல் அநியாயம் அங்கேதான் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன். ரொடோல்போவெல்லாம் அப்புறம்.

நான் சேலைக்கடைக் குடும்பத்துப் பெண். காலேஜ் முடித்து வந்து கல்யாணம் ஆகும்வரை கொள்முதல் முழுவதும் நான்தான் பார்த்தேன். என்ன ஓடும், எது நிற்கும் என்று அப்பா என்னைத்தான் கேட்பார். கல்யாணம் முடிந்ததும் கடைச் சாவி பிளஸ் டூவை முடிக்காத தம்பி கைக்குப் போனது. எனக்கு நகை போட்டாயிற்று என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் அக்கா, தங்கைகளே. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள். அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்கு அது பொருந்தியது. 2005-ல் மத்தியச் சட்டம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தையும் எடுத்துவிட்டது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு நம் ஊரில் ‘வாரிசு’ என்றால் பையனைத்தான் நினைக்கிறார்கள். இந்த இழையிலும் இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் ‘பிள்ளை’, ‘பையன்’ என்றே எழுதியிருக்கிறீர்கள்.

இத்தாலியிலேயே இன்னொரு குடும்பத்தைப் பாருங்கள். செருப்பு செய்த சால்வதோரே பெர்ரகாமோ 1960-ல் இறந்தார். வீட்டில் இருந்த மனைவி வாண்டா ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தொழிலைக் கையில் எடுத்தார். மூத்த மகள் பியாம்மாதான் செருப்பு டிசைன் பார்த்தார். 1978-ல் அவர் செய்த வாரா என்ற, ரிப்பன் முடிச்சு வைத்த செருப்பு இன்றும் விற்கிறது. வாண்டா 2018 வரை உயிரோடு இருந்தார். அந்தக் குடும்பம் தொழிலை விற்றுவிட்டு ஓடவில்லை.

பழையபேட்டைக்காரன்

நீங்கள் சொல்வது நியாயம், தங்கச்சி. கிரிமால்டாவை நான் சேர்த்திருக்க வேண்டிய இடம் அது. இழைத் தலைப்பில் ‘பிள்ளைகள்’ என்பது இரு பாலரையும் குறிப்பதாகவே இருக்கட்டும்.

நானும்_ஒரு_வாரிசு

பெயரும் ஊரும் வேண்டாம். இந்த மாவட்டம்தான். மூன்றாவது தலைமுறை. தாத்தா போட்ட கடை, அப்பா மூன்று மாடி ஆக்கினார். பெங்களூரில் படித்துவிட்டு வந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல கார் இருக்கிறது, பைபாஸில் இடம் இருக்கிறது, கல்யாண வீட்டில் முன்வரிசையில் நாற்காலி போடுகிறார்கள்.

எனக்குச் சம்பளம் கிடையாது.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. காலை ஒன்பதரைக்குக் கடை திறப்பதிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும் வரை இருக்கிறேன். பணம் வேண்டுமென்றால் கல்லாவில் எடுத்துக்கொள் என்பார் அப்பா. எடுக்கலாம். எடுத்தால் கணக்குப்பிள்ளை ஒரு நோட்டில் எழுதுவார், இரவு அப்பா அந்த நோட்டைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். பார்ப்பார், அவ்வளவுதான். என் மனைவிக்குப் பிறந்தநாளுக்கு ஒரு சுடிதார் எடுத்தாலும் அந்த நோட்டில் வரும். எங்கள் கடையில் சேல்ஸ் பார்க்கும் பையன் மாதம் முடிந்தால் சம்பளத்தை எண்ணி வாங்கி, அம்மாவுக்கு இவ்வளவு, வண்டி டியூவுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறான். எனக்கு அவனைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது.

யாரும் என்னிடம் உண்மை சொல்வதும் இல்லை. நான் எடுத்த சரக்கு நின்றால் ‘சீசன் சரியில்லை சார்’ என்பார்கள். ஓடினால் ‘சார் செலக்‌ஷன்’ என்பார்கள். எனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியாத நிலைமை. ஆன்லைனில் விற்கலாம் என்று இரண்டு தடவை பேசினேன். அப்பா மறுக்கவில்லை, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பது எங்கள் வீட்டில் முடியாது என்பதற்கு மரியாதையான பதில்.

அப்பா கெட்டவர் இல்லை. ஏழாவது வயதில் துணி மடிக்கத் தொடங்கியவர். கடையை விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டால் காலையில் எங்கே போவது என்ற பயம் அவருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அந்த மவுரிசியோ செய்த தப்புகளை எல்லாம் படித்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மூட்டைவியாபாரி

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத வரவில்லை. எனக்கும் ஒரு மகன் கடையில் இருக்கிறான். அவனுக்கும் நான் சம்பளம் போட்டதில்லை. எல்லாம் அவனுக்குத்தானே என்று இருந்துவிட்டேன்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆன்லைனை ஒரு பக்கம் வையுங்கள். ஒரு செக்‌ஷனை மட்டும் கேளுங்கள். லைனிங், பிளவுஸ் பிட் மாதிரிச் சின்ன செக்‌ஷன் போதும். கொள்முதல், விற்பனை, நின்ற சரக்கு எல்லாம் தனிக் கணக்கு. அதில் நஷ்டம் வந்தால் உங்கள் நஷ்டம் என்று சொல்லிவிடுங்கள். அப்பாவால் மூன்று மாடியை விட முடியாது. ஒரு ரேக்கை விடுவார். உங்களுக்குத் தொழில் தெரியுமா என்பதும் ஒரு தீபாவளியில் தெரிந்துவிடும்.

சேலை_செக்‌ஷன்

சார், உண்மை யாரும் சொல்வதில்லை என்றீர்கள். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும், பிரித்துப் போட்ட சேலைகளை மடிக்க எங்களோடு வந்து உட்காருங்கள். அன்றைக்குப் பிரித்து வாங்காமல் போன சேலை எல்லாம் அந்தக் குவியலில்தான் கிடக்கும். ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டாம். மடிக்கும்போது ஆட்களே பேசுவார்கள். பார்டர் சின்னது, கலர் இரவு லைட்டில் வேறாகத் தெரிகிறது, உடுத்தினால் நிற்கவில்லை என்று வரும். பெரியவர்கள் நிறையப் பேர் அப்படித்தான் கற்றார்கள்.

கணக்காளர் (தர்மபுரி)

ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிறேன். இரண்டு மாவட்டக் கடைகளின் கணக்கும் பார்க்கிறோம். நடைமுறை விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

கூச்சியில் ஆளுக்குப் பாதி என்று வைத்ததே பெரிய சிக்கல். இரண்டு பேர் ஒத்துப்போகும் வரை எழுத்து தேவையில்லை. ஒத்துப்போகாத அன்றைக்கு முடிவெடுக்க ஆள் இல்லை. 3.3 சதவீதம் வைத்திருந்த பாவ்லோ கையில் மொத்தக் குடும்பமும் மாட்டியது அதனால்தான். நம் கடைகளில் அண்ணன் தம்பி பார்ட்னர்ஷிப் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

1932-ஆம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். இரண்டே பேர் என்றால் எழுதினாலும் நிற்காது. ஒருவர் மட்டும் பார்ட்னர்ஷிப் நடத்த முடியாதே. பேங்க் ஓவர் டிராப்ட், ஜிஎஸ்டி பதிவு எல்லாம் துக்க வீட்டில் வைத்து மாற்ற வேண்டி வரும். நிறைய வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் சண்டை தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். இத்தாலியில் மவுரிசியோவை வழக்கில் மாட்டியது வாரிசு வரி சம்பந்தப்பட்ட கையெழுத்து. நம் நாட்டில் அந்த வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். அதனால் உயிரோடு இருக்கும்போது எழுதி வைக்க யாருக்கும் அவசரம் வருவதில்லை.

நானும்_ஒரு_வாரிசு அவர்களுக்கு: அப்பா உங்களைப் பங்குதாரராகச் சேர்க்கலாம். உழைக்கும் பங்குதாரருக்கு மாதச் சம்பளம் என்று பத்திரத்திலேயே எழுதலாம். வருமான வரிச் சட்டம் ஒரு வரம்பு வரை அதைச் செலவாக ஒத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும், 2025 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. ‘உனக்குச் சம்பளம் எதற்கு’ என்று அப்பா கேட்டால் ‘கணக்குக்கு நல்லது’ என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. கல்லாவில் எடுக்கும் பணம் எங்கள் ஆபீஸுக்கு வரும்போது எப்போதும் தலைவலிதான்.

வீட்டுப்பெண்

கணக்காளர் அண்ணா, ஒரு சந்தேகம். கட்டடம் அப்பா பெயரில், அவர் சம்பாதித்து வாங்கியது. தொழில் வேறு, கட்டடம் வேறு. பத்திரம் எழுதும்போது கட்டடத்தில் மகளுக்குப் பங்கு, தொழிலில் மகனுக்குப் பங்கு என்று பிரிக்க முடியுமா? தம்பி தொழில் செய்யட்டும், எனக்கு வாடகையில் பங்கு வந்தால் போதும் என்கிறேன்.

கணக்காளர்

முடியும் அம்மா. சுயசம்பாத்தியம் என்றால் அவர் இஷ்டப்படி எழுதலாம். அதே சமயம், எழுதாமல் போய்விட்டால் மனைவிக்கும் மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு, அப்பாவின் அம்மா இருந்தால் அவருக்கும் உண்டு. கட்டடத்தைச் செட்டில்மென்ட் பத்திரமாக எழுதினால், குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தாள் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய கட்டணம் இது, போகும் முன் சார்பதிவாளர் ஆபீஸில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கடை அந்தக் கட்டடத்துக்கு வாடகை கொடுப்பதாக ஒரு ஒப்பந்தமும் கூடவே போடுங்கள். வாடகை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அங்கேதான் பின்னால் அக்காவுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம் வரும்.

நானும்_ஒரு_வாரிசு

எல்லோருக்கும் நன்றி. எனக்கும் ஒரு அக்கா இருக்கிறாள், சேலத்தில். இதுவரை அவளிடம் கடையைப் பற்றிப் பேசியதே இல்லை. வீட்டுப்பெண் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று போன் செய்தேன். அப்பாவிடம் பேசும்போது அவளும் வருகிறேன் என்றாள். பத்திரம் பற்றிப் பேசுவதென்றால் அப்பா கணக்குப் பார்க்கும் ஞாயிறு மதியம்தான் சரி.

பிளவுஸ் பிட் செக்‌ஷனைக் கேட்டேன். ‘மொத்தமாக எடுத்துக்கோ, நின்ற சரக்கையும் சேர்த்து’ என்றார் அப்பா. பழைய ஸ்டாக் நிறைய இருக்கிறது. மூட்டைவியாபாரி அண்ணா, அதை பர்கூர்ப் பக்கம் மொத்தமாகத் தள்ள வழி உண்டா? இரண்டு வருடச் சரக்கு, காட்டன் கலந்தது, நிறம் மங்கவில்லை.

மூட்டைவியாபாரி

எத்தனை பேல் என்று சொல்லுங்கள் தம்பி. ஒரு பேலைப் பிரித்துப் போட்டோ போடாதீர்கள், நேரில் கொண்டு வாருங்கள். கையில் பார்த்தால்தான் விலை சொல்ல முடியும். நீங்களே வாருங்கள், ஆளை அனுப்ப வேண்டாம்.